எருக்கம்பூவும் கருவண்டும்

"அந்தப் பூவுக்குப் பட்டாம்பூச்சி வராதுங்க."

பின்னாலிருந்து வந்த குரலுக்கு எழிலரசி சட்டென்று திரும்பினாள். ஆவடி அஞ்சலகத்தில் நீண்ட வரிசை. அவள் கையில், இன்னும் உறைக்குள் போகாத ஓவியம். எருக்கம்பூ, அதன் மேல் ஒரு பட்டாம்பூச்சி. காட்டுப்பூக்களையும் அவற்றைக் காய்க்க வைக்கும் பூச்சிகளையும் வரையச் சொல்லி தபால்தலைப் போட்டி வைத்திருந்தார்கள். இன்றுதான் கடைசி நாள். ஏற்கெனவே இரண்டு முறை தோற்றவள். இதுவும் போனால் தூரிகையையே தொடமாட்டேன் என்று வீட்டில் வீராப்பாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

எதிரே எண்ணெய்க்கறை படிந்த கம்பெனிச் சட்டை. அதற்கு மேலே... அடடா, ஒருவனுக்கு இப்படியா கண் இருக்கும்? மழைக்கு முந்தைய வானம் மாதிரி, கருகருவென்று... கோபம் சற்றுத் தாமதமாகத்தான் வந்தது.

"உங்களை நான் கேட்டேனா? போட்டோ எடுத்துப் பாத்துதான் வரைஞ்சிருக்கேன்."

"அது எலைக்கு வந்திருக்கும்ங்க, முட்டை போட. பூவுக்கு வர்றது கருவண்டு. புள்ளையார் சதுர்த்திக்கு எங்கம்மா எருக்கம்பூ மாலை கட்டும். வருசா வருசம் நான்தான் பறிச்சுகினு வருவேன். வண்டு கை மேல வந்து இடிக்கும்... வெளிய மதில் ஓரம் செடி கீது. நம்பலன்னா போய்ப் பாருங்க."

அவள் நம்பவில்லை. ஆனாலும் போனாள்.

பூவுக்குப் பூ தாவிக்கொண்டிருந்தது பெரிய கருவண்டு. வெயிலில் அதன் சிறகு நீலமாக மின்னியது. பட்டாம்பூச்சியோ இலைக்கு அடியில்... தப்பான பூச்சியோடு போனால் எடுத்த எடுப்பிலேயே ஒதுக்கிவிடுவார்களே.

வாசற்படியிலேயே உட்கார்ந்து பையிலிருந்த போஸ்டர் கலரைத் திறந்து, பட்டாம்பூச்சியை மறைத்து அதன் மேலேயே வண்டை வரையத் தொடங்கினாள். பாதி வண்டு முடிவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஓவியத்தில் மட்டும் ஒரு துளி விழவில்லை. நிமிர்ந்து பார்த்தாள்... அவன் தன் ரெயின்கோட்டை அவள் தலைக்கு மேல் விரித்துப் பிடித்தபடி தொப்பலாக நனைந்துகொண்டிருந்தான்.

"கவுண்டர் மூட அஞ்சு நிமிஷம்தான் கீது. கவுண்டர்ல கீற அனுசுயாக்காகிட்ட சொல்லி வச்சிருக்கேன், ஓடுங்க."

வண்டை முடித்த கையோடு ஓடினாள். அனுப்பினாள். திரும்பி வந்து நன்றி சொல்ல வாயெடுத்தாள். பாழாய்ப்போன ரோஷம் தடுத்தது. "வரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள். பேர்கூடக் கேட்கவில்லை. அந்த உறுத்தல் ஒரு வருடம் அவளை விடவில்லை.

ஒரு வருடம் கழித்து, எருக்கம்பூவும் கருவண்டும் தபால்தலையாக வெளிவந்த அன்று, அதே அஞ்சலகத்துக்குப் போனாள். வரிசையில் அதே கண்கள். அவன் கையில் ஓர் உறை. அதில் அவளுடைய தபால்தலை.

"ஒட்டிட்டேன். பேப்பர்ல பேரு பாத்து எழுதிட்டேன். அட்ரஸ்தான் தெர்ல," என்றான் அவன்.

"உள்ள இன்னா கீது?" வேண்டுமென்றே அவனைப் போலவே கேட்டாள்.

அவன் காது சிவந்தது. "உங்கள மறக்க முடியலன்னு கீது... புடிச்சிருக்குன்னும் கீது."

எழிலரசி பேனாவை வாங்கி, உறையில் தன் முகவரியை நிதானமாக எழுதினாள். "உங்க பேரு?"

"ஜெகதீசன்."

"ஜெகதீசன்... இந்த மதில் பக்கம் வர்றப்பல்லாம் உங்களைத்தான் தேடினேன். எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு. ஆனா லெட்டர் தபால்லதான் வரணும்."