இடப்பக்கம் இருபத்தெட்டு

டப்பாவிலிருந்து எடுத்தபோதே அந்த ஏசிப் பெட்டியின் இடப்பக்கக் குமிழ் மட்டும் கதகதப்பாக இருந்தது. தகரக் கூரைக்குக் கீழே காலையிலிருந்து கிடக்கிற சாமான் சூடாகத்தான் இருக்கும் என்று எலக்ட்ரீஷியன் தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டான். வலப்பக்கக் குமிழைத் தொட்டான். அது குளிர்ந்திருந்தது.

ஒர்க்‌ஷாப் அவன் அண்ணனுடையது. மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அண்ணன் சாப்பிடப் போயிருந்தான். அந்த அரை வெளிச்சத்தில் ஒரு டாக்டரின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார், இரண்டே சீட்டோடு, மூக்கைத் தரையில் தேய்த்துக்கொண்டு நின்றது. ஏசியை இயக்கும் பெட்டி பழுது. புதியது வர நாளாகும் என்றதும் அண்ணன் எங்கிருந்தோ பழையது ஒன்றைக் கொண்டுவந்துவிட்டான். நொறுங்கிய வண்டியில் கழற்றிய சாமானுக்கு ஊர் பேர் கேட்கக்கூடாது என்பது அந்தக் கடையின் சட்டம். கேட்டால் தூக்கம் போய்விடும் என்று அண்ணன் சிரிப்பான். அவனுக்கென்ன, படுத்தால் குறட்டை.

பிளாஸ்டிக் நெம்புகோலால் டேஷ்போர்டின் மூடியைக் கிளப்பி, திருகுகளைக் கழற்றி, பழுதான பெட்டியை உருவி, தூசியும் தோலும் கலந்த வெக்கை மூக்கில் ஏற, டப்பாவில் வந்த பெட்டியின் முதுகில் ஒயர்களை ஒவ்வொன்றாகச் செருகினான். பேட்டரியை இணைத்து, என்ஜினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பியதும், டேஷ்போர்டுக்குள் காற்றுத் தடுப்புகள் நகர்ந்த சத்தம் தூக்கத்தில் யாரோ புரண்டு படுப்பதுபோல் கேட்டது. இரண்டு சீட்டுக்கும் தனித்தனியாக வைத்த சூட்டைக் காட்டித் திரை ஒளிர்ந்தது. வலப்பக்கம் இருபத்திரண்டு டிகிரி. இடப்பக்கம் இருபத்தெட்டு.

பழைய பெட்டி பழைய வண்டியின் நினைவோடு வரும். இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்திப் பிடித்து அதை அழித்துவிட வேண்டும். விரல்கள் பொத்தான் வரை போய் நின்றன.

இந்த வெயிலில் யார் இருபத்தெட்டு வைப்பார்கள்? அவன் மனைவி வைப்பாள். கோடையிலும் கழுத்து வரை போர்த்திக்கொண்டு, ஃபேனை நிறுத்தச் சொல்லிச் சண்டை போடுவாள். போன வருடம் ஒரு விபத்தில், அவன் பார்த்தே இராத ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் இடப்பக்கச் சீட்டில் செத்துப் போனாள். ஓட்டியவன் சிறு கீறலோடு எழுந்து நடந்தான். அவளுக்கு அவன் யாரென்று ஊரே சொன்னது. அவள்தான் சொல்லவில்லை.

அண்ணனுக்குப் போன் போட்டான்.

"இந்தப் பொட்டி எந்த வண்டில கழட்டுனது?"

"நம்ம கடைல அதைக் கேக்குறதில்லையே."

"சொல்லுண்ணே."

மெல்லும் சத்தம் நின்றது. "அவ போன வண்டிதான். நல்ல சாமான்டா. எதுக்கு வீணாக்கணும்?"

போனை வைத்தான். கோபம் அண்ணன் மேலா, அவள் மேலா, தெரியவில்லை. அழித்திருக்க வேண்டும். அழிக்கவில்லை. அவளுடையது என்று மிஞ்சியிருந்தது அந்த எண் ஒன்றுதான். கதவைச் சாத்திக்கொண்டு வலப்பக்கம் உட்கார்ந்தான். ஏசியின் துளைகளில் வெறும் காற்று இரைந்துகொண்டிருந்தது.

"சொல்லு," என்றான் காலி சீட்டைப் பார்த்து. "அவன்கூட எதுக்குப் போன?"

காற்றின் சத்தம் நின்றது.

டிங். பெல்ட் போடச் சொல்லும் மணி. இடப்பக்கச் சீட்டில் ஆள் உட்கார்ந்தால் மட்டும் அடிக்கிற மணி. சீட்டின் தோல் மெல்ல அமுங்கியது. பெல்ட் தானாக நீண்டு வந்து, காலி இடத்தின் குறுக்கே வளைந்து, பூட்டில் விழுந்தது.

மணி அடங்கியது.

திரையில் எண்கள் மாறின. வைத்த சூடு அல்ல, ஒவ்வொரு பக்கமும் இருக்கிற சூடு. வலப்பக்கம் முப்பத்தாறு. இடப்பக்கம் பத்தொன்பது. பிறகு முப்பத்தைந்து, இருபது. முப்பத்து நான்கு, இருபத்தொன்று.

என்ஜின் ஓடாமல் குளிர் வராது. அது அவனுக்குத் தெரியும். ஆனாலும் பாதம் மரத்தது. முழங்கால் மரத்தது. கதவின் பிடியைத் தேடிய கை பாதியில் மடியில் விழுந்தது. சாவியைத் திருப்ப வேண்டும். விரல் மடங்கவில்லை.

"போதும்," என்றான். குரல் வரவில்லை.

வலப்பக்கம் இருபத்து மூன்று. இடப்பக்கம் முப்பத்திரண்டு.

ஷட்டர் கரகரவென்று ஏறியது. அண்ணனின் செருப்புச் சத்தம். வலப்பக்கக் கண்ணாடியில் இரண்டு தட்டு.

"டேய், ஏசி வேலை செய்யுதா?"

திரும்ப முடியவில்லை. முன் கண்ணாடியை மட்டும் பார்க்க முடிந்தது. அதன் இடப்பக்கத்தில், வாய் இருக்கும் உயரத்தில், வட்டமாக மூச்சின் ஆவி படிந்தது. சுருங்கியது. மறுபடி படிந்தது, நிதானமாக. அவனுக்கு நேரே இருந்த கண்ணாடியில் ஒரு பொட்டு ஆவிகூட இல்லை.