கடைசியாக வருபவள்

பழைய கோட்டைக்குள் ஆட்களை நடத்திக் கூட்டிப்போய்க் கதை சொல்வது என் தொழில். பதினாறு வருடமாக ஒரே மதிலைப் பற்றிப் பேசிப் பேசி வாய் தேய்ந்துவிட்டது. நான் முன்னால் நடப்பேன். என் மனைவி எல்லோருக்கும் கடைசியில் வருவாள். வழியில் அறுநூறு வருடத்துக்கு முன் வெட்டிய சுரங்கப்பாதை ஒன்று உண்டு. மூன்று வளைவுகள். குனிந்துதான் போகவேண்டும். வெளியே வந்ததும் நான் இரும்புக் கதவருகே சாவியோடு நிற்பேன். கடைசி ஆள் வெளியேறியதும் அவள் "வந்தாச்சு!" என்று குரல் கொடுப்பாள். உடனே பூட்டிவிடுவேன். இல்லாவிட்டால் யாராவது படம் எடுக்கிறேன் என்று மறுபடி உள்ளே நுழைந்துவிடுவார்கள்.

"வீட்ல மாதிரியே இங்கயும் கடைசி வார்த்தை அவங்களோடதுதான்" என்று கூட்டத்திடம் சொல்வது என் வாடிக்கையான ஜோக். அன்று காலை அதற்குத்தான் சண்டை.

"என்னை வச்சே எத்தனை வருஷம் சிரிப்பு காட்டுவீங்க?" என்றாள்.

என் வாய்க்கொழுப்பு சும்மா இருக்குமா? பதினோரு மணிக் கூட்டத்திடமும் அதையே சொன்னேன். பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள். அவள் என்னைப் பார்க்கவில்லை. நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

சுரங்கத்தில் எப்போதும் ஈரக்கல் வாடைதான் வரும். அன்று அதோடு அணைத்த திரியின் கருகல் வாடையும் வந்தது. யாரோ தீக்குச்சி கிழித்திருப்பார்கள் என்று நினைத்தேன்.

வெளியே சுள்ளென்று வெயில். ஒவ்வொருவராக முழங்காலைத் தட்டிக்கொண்டு வந்தார்கள். நான் கதவுக்கு முதுகைக் காட்டி நின்றேன்.

"வந்தாச்சு!"

அவள் குரல்தான். மற்ற நாளாக இருந்தால் திரும்பிப் பார்த்திருப்பேன். அன்று வீம்பு. தலை நிமிராமல், யார் முகத்தையும் பார்க்காமலே கதவை இழுத்துப் பூட்டிவிட்டு நடந்தேன்.

அகழியின் கதையில் பாதி சொல்லியிருப்பேன். ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"தம்பி, உங்க வீட்டுக்காரங்க எங்க?"

"பின்னால வருவாங்கம்மா."

"பின்னால யாருமே இல்லையே. நான்தான் கடைசியா வந்தேன். அவங்க டார்ச் எனக்குப் பின்னால வந்துட்டிருந்துச்சு. அப்புறம் அணைஞ்சுபோச்சு."

"குரல் குடுத்தாங்களே?"

"குடுத்தாங்க. வெளியதான் வரல."

ஓடினேன். பூட்டைத் திறந்தேன்.

"ஏய், இருக்கியா?"

குனிந்து முதல் வளைவு வரை போனேன்.

"வந்தாச்சு."

என் காதருகே, மெதுவாக.

அவள் குரல்.

அதே நேரத்தில் உள்ளே, அடுத்த வளைவில், அவள் அழுதுகொண்டிருந்தாள்.

இரண்டும் ஒரே குரல். இரண்டும் ஒன்றாகக் கேட்டன.

ஓடிவிடலாம் என்றுதான் தோன்றியது, பொய் சொல்லவில்லை. அழுகை கேட்ட பக்கமே சுவரைத் தடவிக்கொண்டு போனேன். அவள் நடு வளைவில் கல்லோடு ஒட்டி நின்றாள்.

"நான் கத்தலைங்க," என்று கிசுகிசுத்தாள். "வாயத் தொறந்தேன். அதுக்குள்ள என் குரல் வெளிய கேட்டுச்சு. அப்புறம் நீங்க பூட்டுற சத்தம்."

"மன்னிச்சுடு. நான் திரும்பிப் பாத்திருக்கணும்."

சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுடைய வலது கையைப் பிடித்துக்கொண்டு வெளிச்சத்தை நோக்கி நடந்தேன். நான் வாசலைத் தாண்டி வெயிலில் கால் வைத்தேன். அவள் கதவருகே நின்றுவிட்டாள்.

"வா, வந்துட்டோம்."

"இழுக்காதீங்க," என்றாள். "வலிக்குது."

அவள் முகத்தில் வெயில் விழுந்திருந்தது. நான் பிடித்திருந்த கையிலும் விழுந்திருந்தது. இடது கை மட்டும் பின்னால் நேராக நீண்டு, இருட்டுக்குள் விறைத்து நின்றது.

இரண்டு கையாலும் பிடித்து, உயிரைக் கொடுத்து இழுத்தேன்.

உள்ளே இருந்தும் இழுத்தார்கள்.