அந்தக் கண்ணைத் தூங்க வை!

ட்ரிங்... ட்ரிங்...!

மனைவியின் போன். அவன் தன் போனை நேற்று மாலையே அணைத்துப் போட்டிருந்தான்.

எடுத்தாள். கேட்டாள். வீறிட்டாள்!

"என்னங்க...! கிடங்குல, மூணாம் ரூம்ல... எங்கண்ணன்... போலீஸ் வந்திருக்காம்!"

பாவம் செய்தவனுக்குச் சாப்பாடு இறங்காது என்பார்கள். சும்மா! அவன் நாலு ரொட்டி தின்றிருந்தான். நாலும் தொண்டையிலேயே வரிசையில் நின்றன என்பது வேறு விஷயம்.

ஏனென்றால்... மூன்றாம் அறையைப் பூட்டியது அவன்தான்!

மச்சானின் ஆப்பிள் கிடங்கு அது. எலும்பு வரை குளிரும் அறைகள். சுவரெல்லாம் தீப்பெட்டி அளவு சென்சார்கள். ஒயரே இல்லாமல் ஒன்றோடொன்று ஊர்வம்பு பேசும். அவற்றை மேய்க்க ஒரு மென்பொருள் ஏஜென்ட். எந்த சென்சார் தூங்கலாம், எது விழிக்கலாம், குளிர் மெஷின் எப்போது ஓடலாம்... யாரையும் கேட்காது. தானே முடிவெடுக்கும்!

எழுதியவன் அவன். "எல்லாம் என் மூளை!" என்று பத்திரிகையில் பல்லைக் காட்டியது மச்சான்.

நேற்று மச்சான் உள்ளே நுழைந்ததும் அவன் வெளியிலிருந்து கதவைச் சாத்தினான். கொண்டியில் ஸ்க்ரூடிரைவரைச் செருகினான். ஆள் சூட்டை மோப்பம் பிடிக்கும் வாசல் சென்சாரைத் தூங்கச் சொன்னான்.

தெருமுனையில் நின்று திரும்பிப் பார்த்தான். திரும்பிப் போய்த் திறந்திருக்கலாம்... கால் வரவில்லை.

காரில் மனைவி தேம்பினாள்.

"அண்ணனுக்குச் சின்ன வயசுலேர்ந்தே குளிர் ஆகாதுங்க..."

"அழாதே..."

"நீங்க ஏங்க அழறீங்க?"

கிடங்கு வாசலில் வெள்ளைத் துணி மூடிய உடம்பு! மனைவி அதன்மேல் விழப் போனாள். பெண் போலீஸ் பிடித்துக்கொண்டாள்.

"பூட்டினது யாருன்னுதான் தெரியல," என்றார் இன்ஸ்பெக்டர். "உங்களுக்கு யார் மேலயாவது..."

உடைந்தான்.

"நான்தான் சார்! பொண்ணைக் குடுத்து, வேலையும் குடுத்த மனுஷனை... நான்தான்! என்னைத் தூக்குல போடுங்க!"

"அச்ச்சூ...!"

தும்மியது வெள்ளைத் துணி!

"நீதானா மாப்ள அது?" மச்சான் எழுந்து உட்கார்ந்தார்.

"எப்... எப்படி...?"

"உங்க ஏஜென்ட் உபயம்," இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார். "வாசல் சென்சார் பேச்சுமூச்சில்லைன்னதும் பக்கத்து சென்சாருங்களை எழுப்பியிருக்கு. உள்ள ஆள் இருக்கார்னு தெரிஞ்சதும் குளிர் மெஷினை நிறுத்திடுச்சு. உங்களுக்கு மெசேஜ் அனுப்பிச்சுது. நீங்களும் பேச்சுமூச்சில்லை. அடுத்து எங்க ஸ்டேஷனுக்கு! நேத்தே கதவைத் திறந்துட்டோம். பூட்டினவனைப் பிடிக்கத்தான் இந்தத் துணி நாடகம்."

ஒருவன் தூங்கினால் பக்கத்திலிருப்பவன் விழிக்க வேண்டும்... அவனே எழுதிய விதி! ஆத்திரத்தில் மறந்திருந்தான்.

மச்சான் காலில் விழுந்தான். "உயிரோட இருக்கீங்களே... போதும் மச்சான்!"

மச்சான் மூக்கைச் சிந்தினார்.

"ஜெயில்ல போய் நிம்மதியா தூங்கு மாப்ள. நீ தூங்கினா பக்கத்துல ஒருத்தர் முழிச்சிருப்பார்... துப்பாக்கியோட!"