கூச்சமானி

உதவி கேட்கப் போகிறவர்கள் இருப்பதிலேயே நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு போவதுதான் இப்போதைய வழக்கம். மிருதுளாவும் அன்று காலை தகரப் பெட்டியின் அடியிலிருந்து கல்யாணப் பட்டுப் புடவையை எடுத்தாள். மாம்பழ நிறம், அரக்கு பார்டர். வீடு இழந்தவர்களைத் தங்க வைத்திருந்த இடைத்தங்கல் கூடத்தில் ஒரு குடும்பத்துக்கும் அடுத்த குடும்பத்துக்கும் நடுவே துணித்திரைதான் சுவர். அவள் கொசுவம் வைக்கும்போது பக்கத்துத் திரைக்காரர்கள் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். பட்டுச் சரசரப்பு கேட்டால் என்ன விஷயம் என்று எல்லோருக்கும் தெரியும். கேட்கப் போகிற நாளில் ஒருவரிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது, ஆறுதல் சொல்லவே கூடாது. விவரம் தெரிந்தவர்கள் அப்படித்தான் ஒதுங்கிக்கொள்வார்கள்.

அவள் கணவர் சபேசன் கட்டிலில் முதுகைக் காட்டிப் படுத்திருந்தார். அவருக்குப் பார்வை மங்கிப்போய் நாளாகிறது. வெளிச்சம் எது, ஆள் எது என்று பிரித்துச் சொல்வார், அவ்வளவுதான்.

"நான்தான் போயிருக்கணும்" என்றார், திரும்பாமலே.

உண்மையில் அவர் போனால் ஒரு நிமிஷத்தில் காரியம் முடிந்துவிடும். கடைக்காரரிடம் மீதிச் சில்லறை கேட்கவே கூசுகிற மனிதர். ஆனால் அப்படிப்பட்டவர்கள் உதவி நிலையத்து வாசலை மிதிக்க மாட்டார்கள். அங்கேதான் இந்த ஏற்பாட்டின் வேடிக்கை. யாருக்குக் கொடுக்க அரசாங்கம் காத்திருக்கிறதோ அவர்கள் வீட்டைவிட்டே கிளம்புவதில்லை.

கடல் ஊருக்குள் வந்து தெருத்தெருவாக எடுத்துக்கொண்டது. வேலைகளை இயந்திரங்கள் எடுத்துக்கொண்டன. மனிதர்களுக்கு மாதாமாதம் வாழ்வுப்படி வந்தது. சாப்பிடலாம், மருந்து வாங்கலாம், வாடகையும் கொடுக்கலாம். ஆனால் மிச்சம் பிடிக்க முடியாது. செலவழிக்காத வாழ்வுப்படி மாதக் கடைசியில் கணக்கிலிருந்து தானாக மறைந்துவிடும், பதுக்கலைத் தடுக்க. உலகம் இவ்வளவு தலைகீழானபோதும் வீட்டுக்காரர்கள் கேட்கும் அட்வான்ஸ் மட்டும் அசையவில்லை. பத்து மாத வாடகை, ஒரே தவணையில், சாவி கைக்கு வருமுன். மிச்சம் பிடிக்கக் கூடாதவர்கள் அதை எங்கே போய்ப் புரட்டுவது? அதற்காகத்தான் முன்பண உதவி நிலையம்.

நிலையத்திலும் ஒரு சிக்கல் இருந்தது. சான்றிதழ், குரல், கண்ணீர் எல்லாவற்றையும் எவராலும் வீட்டிலிருந்தே இயந்திரத்தில் செய்துகொள்ள முடிந்தது. எவன் ஏழை, எவன் நடிக்கிறான் என்று தெரியவில்லை. கடைசியில் யாரோ ஒரு புத்திசாலி கண்டுபிடித்துச் சொன்னார்: நிஜமாகவே வேறு வழியில்லாமல் கை நீட்டுகிறவனுக்கு உடம்பு கூசும். ரத்தம் முகத்துக்கு ஏறும், காது மடல் சுடும். அதை அளந்தால் போதும். அரசாணையில் அந்தக் கருவிக்கு 'மெய்த்தேவை அளவி' என்று பெயர். ஜனங்கள் வைத்த பெயர் கூச்சமானி.

அதன் எதிரே ஒரு மனிதர் உட்கார்ந்திருப்பார். அவருக்கு நோக்கர் என்று பதவி. இயந்திரத்தின் முன்னால் யாரும் வெட்கப்படுவதில்லை என்பதால், பார்ப்பதற்காகவே சம்பளம் கொடுத்து ஓர் ஆளை வைத்திருந்தார்கள். அவர் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும். தலைக்குமேல் இருக்கும் கண்ணாடி வளைவு வெள்ளையிலிருந்து சிவப்பானால் முன்பணம் நேராக வீட்டுக்காரருக்குப் போய்விடும்.

முதல் தடவை மிருதுளா வாயைத் திறக்கும் முன்பே வளைவு சிவந்தது. அவளுக்குக் கால் நிற்கவில்லை, நோக்கர் தண்ணீர் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த வீட்டையும் கடல் எடுத்துக்கொண்டதால் மறுபடி போனாள். அப்போது கொஞ்சம் பிரயத்தனப்பட வேண்டியிருந்தது. இது மூன்றாவது. கேட்டுக் கேட்டு மரத்துப்போய்விட்டதோ என்று பயம் அவளுக்கு. அதனால்தான் பட்டு. நல்ல நாளில் கட்டியதைக் கட்டிக்கொண்டு கையேந்தினால் கொஞ்சமாவது சுடும் என்பது நம்பிக்கை.

இன்று சுட்டே ஆக வேண்டும். கூடத்தில் தங்க விட்ட காலம் இந்த வாரத்தோடு முடிகிறது. அதற்குள் வீடு அமையாவிட்டால் சபேசன் ஓர் ஊரில் ஆண்கள் விடுதிக்கும் அவள் வேறோர் ஊரில் பெண்கள் விடுதிக்கும் போக வேண்டும். தட்டில் எது சோறு, எது கூட்டு என்று அவருக்கு யார் சொல்வார்கள்? மறைமலை நகரில் ஒரு மாடி வீடு பார்த்துவிட்டாள். வீட்டுக்காரர் சாயங்காலம் வரைதான் பொறுப்பேன் என்று சொல்லியிருந்தார்.

நிலையத்தில் எல்லோரும் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தார்கள். பட்டும் ஜரிகையுமாகக் கல்யாண மண்டபம் மாதிரி இருந்தது, பேச்சு மட்டும் இல்லை. சுவரில் ஒரே ஓர் அறிவிப்பு: செயற்கைச் சிவப்பு கண்டுபிடிக்கப்பட்டால் ஓராண்டுக்கு வாழ்வுப்படி நிறுத்தம்.

"அக்கா, ஊக்கு இருக்குமா?"

பச்சைப் பட்டு கட்டிய ஒரு பெண், இவளைவிடப் பத்து வயது சின்னவள், தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரவிக்கை தைத்த காலத்தில் இருந்த உடம்பு வேறு, இப்போதைய உடம்பு வேறு. மிருதுளா பேசாமல் தன் வளையலில் மாட்டியிருந்த ஊக்கை எடுத்துக் குத்திவிட்டாள். அதோடு விட்டிருக்கலாம். அந்தப் பெண், "பட்டுக்கே நம்ம மேல கூச்சம்க்கா, அதான் பிச்சிக்கிட்டு ஓடுது" என்று சொல்ல, மிருதுளாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுவரைப் பார்த்தவர்கள் திரும்பி முறைத்தார்கள்.

அவள் பெயர் தாரகேஸ்வரி. தனியாள். பேச்சுவாக்கில் பார்த்தால் இருவருக்கும் ஒரே தரகர், ஒரே கட்டடம். மாடி இவர்களுக்கு, கீழ்வீடு அவளுக்கு. அப்புறம் என்ன, தண்ணீர் எப்போது வரும், அந்தத் தெருவில் கீரை கிடைக்குமா என்று பேச்சு ஓடியது. டிபன் பாக்ஸைத் திறந்து தாரகா எலுமிச்சை சாதம் கொடுத்தாள். மிருதுளா சபேசனைப் பற்றிச் சொன்னாள். யாரிடமும் சொல்லாததையெல்லாம் சொன்னாள். நீங்கள் கடைக்குப் போகும்போது நான் மேலே வந்து அவருக்குத் துணைக்கு இருக்கிறேன் என்றாள் தாரகா. எத்தனையோ மாதம் கழித்து மிருதுளாவுக்கு நெஞ்சு லேசானது.

பிறகு தாரகா குரலைத் தாழ்த்தினாள். தனக்குக் கூச்சம் வற்றிப்போய் வெகுகாலம் ஆகிவிட்டதாம். புடவை முடிச்சிலிருந்து ஒரு சின்ன மாத்திரையைக் காட்டினாள். உள்ளே போவதற்குக் கொஞ்சம் முன்னால் போட்டால் முகம் குபுகுபுவென்று சூடேறும், கூச்சமானிக்கு வித்தியாசம் தெரியாது.

"பாதி தரட்டுமா?"

மிருதுளா பயந்து கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். பயத்திலும், பாதியை உடைத்துக் கொடுக்க வந்தாளே என்று மனசு குளிர்ந்தது.

அந்தக் குளிர்ச்சிதான் வினையானது. உள்ளே போய் நோக்கரின் முன்னால் நின்று, "எங்களால முடியல. வீட்டு முன்பணத்துக்கு நீங்கதான் உதவணும்" என்றாள். வயிறு நிறைந்திருந்தது, வாயில் எலுமிச்சை மணம். வளைவு பால் போல வெள்ளையாகவே இருந்தது.

நோக்கர் நடுவயதுக்காரர். நல்லவராகத்தான் தெரிந்தார். அவசரமில்லை என்றும் விதிப்படி இன்னொரு முறை கேட்கலாம் என்றும், அதுவும் ஆகாவிட்டால் அடுத்த பருவத்தில்தான் வர முடியும் என்றும் பொறுமையாகச் சொன்னார். மிருதுளா கண்ணை மூடிக்கொண்டாள். கல்யாணத்தை நினைத்தாள். மாமியாரிடம் வாங்கிய பேச்சு, கூடத்துக் கழிவறை வரிசை, எல்லாவற்றையும் இழுத்து இழுத்துப் பார்த்தாள். ஒன்றும் சுடவில்லை. வெளியே அந்தப் பெண் சிரித்த சிரிப்புதான் காதில் இருந்தது. அதை எப்படியாவது துடைத்துப் போட வேண்டும் என்று தோன்றியது.

"மறுவாய்ப்புக்கு முன்னாடி எல்லார்கிட்டயும் கேக்குறதுதான்மா" என்றார் நோக்கர், எதிரே இருந்த எழுத்தைப் பார்த்துப் படிக்கிற குரலில். "செயற்கைச் சிவப்பு உபயோகிக்கிறவங்க யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?"

இல்லை என்று சொல்வதற்கே எல்லோரும் பழகியிருந்த கேள்வி. மிருதுளாவும் இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். சபேசன் முதுகைக் காட்டிப் படுத்திருந்தது மனதில் வந்தது. தட்டைத் தடவுகிற அவர் கை வந்தது. என்ன செய்தால் சுடும் என்று அவளுக்கு அந்த நொடியில் தெளிவாகத் தெரிந்துவிட்டது. தெரியாமல் செய்தேன் என்று பின்னாளில் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தபோதும் அது நிற்கவில்லை.

"வெளிய பச்சப் பட்டு கட்டிருக்காங்க" என்றாள். "முடிச்சுல வச்சிருக்காங்க."

சொல்லி வாய் மூடவில்லை, அறை முழுக்கச் சிவந்தது. அவள் கை, நோக்கரின் வெள்ளைச் சட்டை, மேசை, எல்லாம். காது பற்றி எரிந்தது. தரை பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்றிருந்தது. முதல் தடவை கால் நிற்காமல் போனதே, அதெல்லாம் இதன் முன்னால் ஒன்றுமே இல்லை.

நோக்கர் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களாம்மா, உங்களுக்கு மறையவே இல்ல. பதட்டத்துல அடங்கிக் கிடந்திருக்கு. இப்ப கேளுங்க."

கேட்டாள். கிடைத்தது.

வெளியே வந்தபோது தாரகா எழுந்து வந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "முகத்தப் பாத்தாலே தெரியுதுக்கா, கிடைச்சிருச்சு." மிருதுளா தலையை மட்டும் ஆட்டினாள். மாத்திரையைத் தூக்கி எறி, ஓடிவிடு என்று சொல்ல இன்னும் நேரம் இருந்தது. தாரகாவின் பெயரை அப்போதுதான் கூப்பிட்டார்கள். தாரகா டிபன் பாக்ஸை மூடி மிருதுளாவின் பையில் திணித்தாள். "மீதி சாரோட சாப்பாட்டுக்கு. பாக்ஸ அப்புறம் குடுங்க, கீழதான இருக்கப் போறேன்." சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். வாசலைத் தாண்டுமுன் மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டதை மிருதுளா பார்த்தாள். அதற்குமேல் நிற்காமல் படியிறங்கினாள்.

பொழுது சாயுமுன் சாவி வந்தது. மாடி வீடு சின்னதுதான், ஆனால் சுவர்கள் நிஜச் சுவர்கள். படியேறும்போது சபேசன் ஒவ்வொரு படியையும் காலால் தடவிப் பழகிக்கொண்டார். கீழே யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். பூட்டிக் கிடக்கிறது என்றாள் அவள். பூட்டு இனி யாருக்குத் திறக்கும் என்று அவர் கேட்கவில்லை.

தட்டு இன்னும் பெட்டியில் இருந்ததால் டிபன் பாக்ஸையே திறந்து அவர் மடியில் வைத்தாள். முதல் வாயிலேயே அவர் முகம் தெளிந்தது.

"நல்லா இருக்கே. யார் செஞ்சது?"

"அங்க ஒருத்தங்க குடுத்தாங்க."

"நல்ல மனசு." இன்னொரு வாய் எடுத்துவிட்டு நிறுத்தினார். "ரொம்பக் கூச்சமா இருந்துச்சா, மிருது?"

அவள் சரிந்த பாக்ஸை அவர் மடியில் நேராக வைத்தாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, காற்றில் தேடி அவள் கன்னத்தைத் தொட்டார். தொட்ட கை அப்படியே நின்றது.

"இப்படிக் கொதிக்குதே. காய்ச்சலா?"

"வெயில்ல நின்னேன்" என்றாள் மிருதுளா. "சரியாயிடும், சாப்பிடுங்க."