கனகசபையின் செவிமணி

வெள்ளிக்கிழமை என்றால் செவிமணிக்கும் திருநீறு பூசிவிடுவேன். எங்கள் குடியிருப்பில் எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம். கோயிலும் மருத்துவமனையும் நாதக்கூடம் என்ற ஒரே கட்டடமாகிவிட்ட பிறகு, காதில் மாட்டிக்கொள்ளும் அந்தப் பொட்டு மணி சாமிப் படத்துக்குக் கீழே வந்து உட்கார்ந்துகொண்டது. அன்று பூசியது கொஞ்சம் தாராளம். மணியின் மேலிருந்த பெயர் மறைந்துபோக, என் கணவர் கனகசபையின் மணியை நான் எடுத்து மாட்டிக்கொண்டேன். என்னுடையது அவர் காதுக்குப் போயிற்று. கூடத்தில் போய் உட்கார்ந்து கண்ணை மூடிய பிறகும் எனக்கு அது தெரியாது.

ஒருவருக்கு ஒரு பண் என்பது சட்டம். அவரவர் நாடியையும் மூச்சையும் அளந்து, பண்கட்டி இயந்திரம் ஓர் இசையை அமைத்து அவரவர் செவிமணியில் ஏற்றிக் கொடுக்கும். மூட்டுவலிக்காரருக்கு வலி போகும், துக்கக்காரருக்குத் துக்கம் போகும், பக்தி உள்ளவருக்குச் சாமியே தெரியும். எங்கள் மகள் நிறைமதி விபத்தில் போன பிறகு எங்கள் இருவருக்கும் பண் கட்டிக் கொடுத்தார்கள். எனக்கு ஒரே வாரத்தில் சோறு இறங்கியது. சத்தியமாகச் சொல்கிறேன், தினமும் காலையில் கடவுளின் மடியில்தான் இருந்தேன். இவர் மட்டும் இரண்டு வருடமாகக் கண் சிவந்தே வெளியே வந்தார். "உங்க பாட்டைச் சரிபண்ணித் தரச் சொல்லுங்க" என்று நான் நச்சரிக்காத நாளில்லை. இந்த மனுஷர் ஒரு தடவை சிரித்துவிட மாட்டாரா என்பதுதான் என் வேண்டுதல் எல்லாம்.

அன்று காதில் எதுவும் வரவில்லை. காத்திருந்தேன். மின்விசிறி கிறீச்சிட்டது. பக்கத்து வீட்டுச் சரோஜா அக்காவின் வயிறு உறுமியது. தியானத்தில் இருப்பவர்கள் இவ்வளவு சத்தம் போடுவார்கள் என்று அன்றுதான் தெரிந்தது. மணி கெட்டுவிட்டதா, இல்லை மௌனத்தையே ஒரு பண்ணாகக் கட்டிவிட்டார்களா? ஒன்றும் புரியவில்லை. குழம்பிக்கொண்டிருக்கும்போதே நிறைமதி ஞாபகம் வந்தாள். குளியலறையில் ஏதோ ஒரு பதிகத்தைத் தப்பும் தவறுமாகக் கத்திப் பாடுவாள். எந்தப் பதிகம்? முதல் வரிகூட வரவில்லை. அவள் குரலே வரவில்லை. பெற்றவளுக்கு!

எழுந்து பண்கட்டுநர் தமயந்தியின் அறைக்கு ஓடினேன்.

"மணி கெட்டுப்போச்சு தமயந்தி. உள்ள ஒண்ணுமே இல்லை."

அவள் திருநீற்றைத் துடைத்துப் பெயரைப் பார்த்தாள். "இது உங்க வீட்டுக்காரருதுங்கக்கா. இதுல ஒண்ணும் இருக்காது. குடுத்த மறுவாரமே பாட்டை எடுத்துடச் சொல்லிட்டாரு."

"ஏன்?"

"அதைக் கேட்டா பொண்ணு மறந்துபோறான்னு சொன்னாருங்க."

"அப்புறம் எதுக்குத் தினமும் இங்க வந்து உட்கார்றாரு?"

"நீங்க தனியா உட்காருவீங்களேன்னுதான்."

சொல்லிவிட்டு அவளே திடுக்கிட்டாள். "அப்ப உங்க மணி யாரு காதுல இருக்குது? ஐயோ, அடுத்தவங்க பாட்டு எவ்வளவு தூரம் உள்ள போகும்னு எங்களுக்கே தெரியாதுங்கக்கா. ஆரம்பிச்சுட்டா கழட்டவும் தோணாது. அழிஞ்ச ஞாபகம் திரும்பியும் வராது."

நான் கூடத்துக்கு ஓடியபோது எல்லோரும் எழுந்துவிட்டார்கள். கனகசபை செருப்பை மாட்டிக்கொண்டு எனக்காக நின்றுகொண்டிருந்தார். சிரித்த முகம். வயதே குறைந்த மாதிரி இருந்தார்.

"மரகதம், மனசு எவ்வளவு லேசா இருக்கு தெரியுமா?" என்றார்.

அவர் மேல் கோபப்படுவதா, அவரைக் கும்பிடுவதா, ஓவென்று அழுவதா, எனக்கு எதுவும் விளங்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது. ஆனாலும் கேட்டேன்.

"என்னங்க, நம்ம மதி குளிக்கும்போது ஒரு பதிகம் பாடுவாளே, அது எது?"

சிரிப்பு மாறவே இல்லை.

"பாடுவாளா என்ன?"

இனி அவளை நினைக்க எங்கள் வீட்டில் நான் ஒருத்திதான். எனக்கோ அவள் பாட்டுத் தெரியாது.