குழாய் தாங்கும் அளவு

கூடத்தில் பவளம் வளர்க்கும் கண்ணாடித் தொட்டியின் சத்தம் மாறியிருந்தது. வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே பெரியவன் அதைக் கவனித்துவிட்டான். தொட்டியின் மூலையில் வழியும் உப்புநீர் குழாய் வழியே கீழ் அலமாரிக்குள் இருக்கும் சின்னத் தொட்டியில் இறங்கும். அங்கிருந்து ஒரு சிறிய மோட்டார் அதைத் திரும்ப மேலே ஏற்றும். சலசலப்பும் மெல்லிய ரீங்காரமும் தவிர வேறெதுவும் கேட்காது. இன்று அலமாரிக்குள்ளிருந்து கனத்த உறுமல் வந்தது. பெரிய மோட்டாரின் உறுமல்.

அதைச் சாக்கில் சுற்றிப் பரணில் ஒளித்து வைத்ததே அவன்தான்.

குழாய் வேலை பார்த்த அவன் தம்பிதான் இந்தத் தொட்டியைக் கட்டிக் கொடுத்தான். "அண்ணே, குழாய் எவ்வளவு இறக்குமோ அவ்வளவுதான் மோட்டார் ஏத்தணும். ஆசைப்பட்டுப் பெருசா மாட்டிடாதே" என்று படித்துப் படித்துச் சொன்னான். வீட்டுக்கு வருபவர்கள் வாயைப் பிளக்க வேண்டுமே, இவன் கேட்பானா? பெரியதை மாட்டினான். குழாய் திணறியது. தொட்டி வழிந்து தரையில் கிடந்த மின்பலகை நனைந்தது. கூப்பிட்ட குரலுக்கு ஓடிவந்து தண்ணீரில் கைவைத்த தம்பி எழுந்திருக்கவே இல்லை.

ஆள் கூடுவதற்குள் அண்ணன்காரன் செய்த முதல் காரியம், பழைய மோட்டாரைத் திரும்ப மாட்டியது. குழாயின் அளவைத் தம்பிதான் தப்பாகப் போட்டான் என்று வாய் கூசாமல் எல்லோரிடமும் சொன்னான். செத்தவன் எழுந்து வந்து மறுத்துப் பேசவா போகிறான்?

அலமாரியைத் திறந்தான். உப்பு வாடையோடு குழாய் ஒட்டும் பசையின் நெடி மூக்கில் ஏறியது. தம்பியின் சட்டையில் எப்போதும் இருந்த நெடி. உள்ளே பெரிய மோட்டார், சாக்கு நார் ஒட்டியபடி, ஓடிக்கொண்டிருந்தது.

கைப்பேசி அடித்தது. தம்பி மனைவி.

"மாமா, என் பிள்ளைகிட்டயே உங்கப்பனுக்கு வேலையே தெரியாதுன்னு சொல்றாங்க. அவரு அளவுல தப்பு பண்ற ஆளா? நீங்களாவது நடந்ததைச் சொல்லுங்க."

உறுமல் சட்டென்று நின்றது. வீடே காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது. ஒரு வார்த்தை போதும். சொல்லியிருக்கலாம்.

"அவன் கணக்குதாம்மா தப்பு."

மோட்டார் மறுபடி உறுமியது.

பிளக்கைப் பிடுங்கினான். நிற்கவில்லை. தொட்டியின் விளிம்பில் நீர் வழிந்தது. கீழ்த் தொட்டியில் இருப்பதே ஓரிரு வாளித் தண்ணீர்தான், ஆனால் தீரவில்லை. பாதம் நனைந்தது. கணுக்கால் நனைந்தது. கால் எழவில்லை.

நீர் ஏன் இறங்கவில்லை?

மூலைக்குழாயின் வாயைப் பார்த்தான். உள்ளிருந்து ஓர் உள்ளங்கை அதை அடைத்திருந்தது. நகக்கண்ணில் காய்ந்த பசை.

"மாமா? என்ன சத்தம் அது?"

இப்போது சொல்லிவிடத் துடித்தான். நான்தான். நான்தான் மாட்டினேன். வாயைத் திறந்தான்.

உப்புநீர் வந்தது.

தொண்டை திணறியது. இறங்கவில்லை. ஏறியது.

"மாமா?"

கையில் பிடுங்கிய பிளக் ஆடிக்கொண்டிருந்தது. அலமாரிக்குள் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அவன் வாயிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது.