கடல் தெரிகிற கொட்டகை

மின்சார ரயில் எழும்பூரை விட்டுக் கிளம்பி இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. மேல் பலகையிலிருந்து துணி சுற்றிய நீள மூங்கில் ஒன்று உருண்டு வந்து, நேராக அமலோற்பவமேரியின் உச்சந்தலையில் விழுந்தது.

“ஐயய்யோ... பட்டுடுச்சுங்களா?”

“பின்னே? பூவா விழுந்துச்சு?”

நன்றாகத் திட்ட வேண்டும் என்றுதான் நிமிர்ந்தாள். எதிரே நின்றவனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். வெயிலில் கறுத்த முகம். அதில் அந்தக் கண்கள்... அடி தனக்கே பட்டதுபோல் பதறிக்கொண்டிருந்தன. பாதித் திட்டு தொண்டையிலேயே நின்றுவிட்டது. மீதிப் பாதியையும் ஜன்னல் வழியே வந்த ஐப்பசிச் சாரல் நனைத்துவிட்டது.

“யாரு பாப்பா? என்ன விழுந்துச்சு?” என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த மரிய புஷ்பம் மகளின் முகத்தைத் தடவிப் பார்த்தாள். இரண்டு கண்ணிலும் புரை. எதிரே நிற்பது ஆளா தூணா என்று தெரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

“ஒண்ணுமில்லம்மா. நீ உக்காரு. லைட் ஹவுசு வந்ததும் சொல்றேன்.”

மூங்கிலை எடுத்துக்கொண்டிருந்தவன் தயங்கினான்.

“லைட் ஹவுசா? அது பீச் ஸ்டேசன் பக்கம்ங்க. இந்த ரயிலு தாம்பரம் போவுது. நேர் எதிர்த் திசை.”

அமலி என்கிற அமலோற்பவமேரிக்கு முகம் சிவந்துவிட்டது. வரதராசன்பேட்டைப் பெண்கள் பள்ளியில் நான்காம் வகுப்புக்குப் பூகோளம் நடத்துகிறவள் அவள். திசை தெரியாமல் ரயில் ஏறியிருக்கிறாள்... அதுவும் இவன் எதிரிலேயே தெரிய வேண்டுமா?

“எங்களுக்குத் தெரியும்” என்றாள் விறைப்பாக.

“தெரிஞ்சுதான் ஏறினீங்களா டீச்சர்?”

“டீச்சருன்னு யாரு சொன்னா?”

“அதட்டுறதைப் பார்த்தாலே தெரியுதுங்களே.”

மரிய புஷ்பம் கலகலவென்று சிரித்துவிட்டாள். “உனக்கு எந்த வூரு தம்பி? பேச்சு நம்ம பக்கத்துப் பேச்சா இருக்கு.”

“ஏலாக்குறிச்சிங்கம்மா. பேரு சின்னப்பராஜ். இங்க சர்வே ஆபீசுல இருக்கேன்.”

“அப்பிடியா? நாங்க அரியலூருப் பக்கந்தான். ஆபீசர் வேலையா தம்பி?”

சின்னப்பராஜ் வாயைத் திறந்தான். அவன் ஆபீசர் இல்லை. ஆபீசர் தொலைநோக்கியில் பார்ப்பதற்காக மைல் கணக்கில் தள்ளி ஏதாவது ஓர் உயரத்தில் ஏறி, அசையாமல் கொடி பிடித்து நிற்கிற கலாசி. மூங்கிலில் சுற்றியிருந்ததும் அந்தக் கொடிதான். பரங்கிமலைக் கூடாரத்தில் கொண்டுபோய் வைத்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை வேலை முடிந்தது. அதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் எதிரே இரண்டு பெரிய கண்கள் முதல்முறையாகக் கொஞ்சம் மரியாதையோடு நிமிர்ந்தன... அவன் வாயை மூடிக்கொண்டான்.

அந்த ஒரு நிமிஷத்தை நினைத்து அவன் அன்று மாலைக்குள் எத்தனை முறை தன்னைத்தானே நொந்துகொள்ளப் போகிறான் என்பது அப்போது அவனுக்குத் தெரியாது.

மரிய புஷ்பம் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். நாளைக் காலை ஏழு மணிக்குக் கண்ணாஸ்பத்திரியில் சேர வேண்டும். கத்தி வைக்கப் போகிறார்கள். பக்கத்துக் கொல்லை இருசம்மாளுக்கு இப்படித்தான் எங்கேயோ கத்தி வைத்து, இருந்த வெளிச்சமும் போனது. அதனால் மகளிடம் ஒரே ஒரு நிபந்தனை. கத்திக்கு முன்னால் கடலைப் பார்த்துவிட வேண்டும். கடலோடு பட்டணம் முழுவதையும் ஒரே இடத்தில் நின்று பார்த்துவிட வேண்டும்.

“எங்க கொல்லையில ஏரு ஓட்டினா கல்லாப்போன கிளிஞ்சலாக் கெளம்பும் தம்பி. ஒரு காலத்துல இங்கல்லாம் கடலு இருந்துச்சு புஷ்பம்னு இவ அப்பாரு சொல்லுவாரு. அசல் கடலைக் காட்டுறேன் வான்னாரு. அவரு போய்ச் சேந்துட்டாரு. நான் இன்னும் கிளிஞ்சலையே பொறுக்கிட்டிருக்கேன்.”

“நேத்து வந்து இறங்கினதும் நேரா பீச்சுக்குத்தாங்க கூட்டிட்டுப் போனேன்” என்றாள் அமலி. கோபம் எங்கேயோ போயிருந்தது. “காலை வெயிலு. கூசிட்டு ஒரே வெள்ளையாத் தெரியுதுன்னுட்டாங்க.”

“சத்தம் மட்டும் கேட்டுச்சு. ஆளைக் காணோம்” என்றாள் மரிய புஷ்பம்.

சின்னப்பராஜுக்கு உற்சாகம் பொங்கிவிட்டது. உயரம்தானே வேண்டும்? பட்டணத்தில் அவன் ஏறாத உயரம் ஏது?

“ஐக்கோர்ட்டு லைட் ஹவுசுல நின்னா துறைமுகம் அப்பிடியே காலடியில கெடக்கும். ஆனா மேல ஏற எழுதி வாங்கணும், இன்னிக்கி ஞாயித்துக்கிழமை. மாதாகோயில் கோபுரங்க இருக்கு, மணி கட்டுற இடத்துல ரெண்டு பேரு நிக்க முடியாது. எல்லாத்துக்கும் மேல பரங்கிமலைதாங்க. இந்த ரயிலே அங்க போவுது. மழை விட்டதும் பாருங்க... காத்துல தூசி இருக்காது, பத்து மைலு பளிச்சுனு தெரியும். அம்மாவுக்குக் கடலை நான் காட்டுறேன்.”

அவன் சொன்ன விதத்தில் அமலி நம்பிவிட்டாள். நம்பியது அந்த வார்த்தையையா, அந்தக் குரலையா... அவளுக்கே நிச்சயமில்லை.

பரங்கிமலையில் நூற்றுச் சொச்சம் படி. ஒரு கையை மகள் பிடிக்க, மறு கையை அவன் பிடிக்க, “அடைக்கல மாதாவே” என்று ஒவ்வொரு படியாக ஏறினாள் மரிய புஷ்பம். நடுவில் மூச்சு வாங்க நின்றபோது, “இவளுக்கு ரெண்டு வாத்தியாரு மாப்பிள்ளை வந்துச்சு தம்பி. அம்மா கண்ணு சரியாவட்டும்னு தள்ளிட்டே இருக்கா” என்றாள். அமலி, “அம்மா, படியைப் பாரு” என்றாள். சின்னப்பராஜும் படியைத்தான் பார்த்தான். வாத்தியார் மாப்பிள்ளைகள் அவனுக்கு ஒரு படி முன்னால் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

உச்சிக்கு வந்தபோது மழை சுத்தமாக விட்டிருந்தது. அமலி மூச்சை உள்ளே இழுத்தாள். கிண்டிக் காடு, அடையாற்றின் வளைவு, குதிரைப் பந்தய மைதானம், கோபுரங்கள், தொலைவில் துறைமுகத்துப் பாரந்தூக்கிகள்... அதற்கும் அப்பால் கிழக்கே, நீலமாய் ஒரு நீளக் கோடு. பள்ளியில் மாட்டியிருக்கும் படத்தில் கட்டைவிரலால் மறைத்துவிடக்கூடிய சென்னைப் பட்டணம், கண்கொள்ளாமல் கிடந்தது. அவள் திரும்பினாள். சின்னப்பராஜ் பட்டணத்தைப் பார்க்கவில்லை. அவள் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு பேருமே சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

“தெரியுதாம்மா?” என்றான் அவன் பெருமையாக.

“தெரியுது தம்பி, தெரியுது. எம்மாம் பெரிய கடலு... கப்பலு வரிசையா நிக்குது பாரு பாப்பா.”

மரிய புஷ்பத்தின் விரல் மேற்கே நீண்டிருந்தது. அங்கே கடல் இல்லை. வரிசையாகப் பனைமரங்கள் நின்றன.

அமலிக்குப் புரிந்துவிட்டது. நூற்றுச் சொச்சம் படி ஏற்றி வைத்த இரண்டு பிள்ளைகளும் ஏமாந்துவிடக் கூடாது என்று அம்மா பொய் சொல்கிறாள்... சின்னப்பராஜுக்கும் அப்போதுதான் உறைத்தது. பத்து மைல் பளிச்சென்று தெரிவது யாருடைய கண்ணுக்கு? தன் கண்ணுக்கும் ஆபீசரின் கண்ணாடிக்கும் தெரிவதை வைத்து அவன் இடம் சொல்லிவிட்டான். புரை விழுந்த கண்ணுக்கு எட்ட நிற்பது இல்லாததற்குச் சமம் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

கொடியைக் கூடாரத்தில் வைத்துவிட்டு இறங்கும்போது, கடைசிப் படியில் மரிய புஷ்பம் உட்கார்ந்துவிட்டாள்.

“பாப்பா, வூட்டுக்குப் போயிடலாம். எனக்குக் கத்தி வேணாம். இருக்குற வெளிச்சத்தோட கெடந்துட்டுப் போறேன்.”

“அம்மா, நாளைக்குச் சேரணும். திரும்ப ஒரு தடவை இவ்வளவு தூரம் நீ வரமாட்டே.”

“கடலே தெரியாத கண்ணு... இதை அறுத்து என்னத்தைக் கண்டுபிடிக்கப் போறாங்க?”

அமலி நான்கடி தள்ளி வந்து சின்னப்பராஜைப் பார்த்தாள். கண்கள் நிறைந்திருந்தன.

“உங்களுக்குத் தெரியுற ஊரைக் காட்டினீங்க. எங்கம்மாவுக்குத் தெரியுற ஊரு எதுன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா? ஒரு வருசமா கெஞ்சி அழைச்சிட்டு வந்தேன்... போச்சு.”

“இப்பக் கேக்குறேன். அம்மாவுக்கு எப்பக் கண்ணு நல்லாத் தெரியும்?” என்றான் அவன்.

“விளக்கு வைக்கிற நேரத்துல. பகல்ல படியே தெரியாது, அந்தி சாஞ்சா கோழிக்குஞ்சை எண்ணிக் கூண்டுல அடைப்பாங்க.”

அந்தி. வெயில் இல்லாத கடல். அதிகத் தூரமும் கூடாது, அலை ஓரமும் கூடாது... கடலும் பட்டணமும் ஒன்றாகத் தெரிகிற இருபது முப்பதடி உயரம். சின்னப்பராஜுக்கு அப்படி ஓர் இடம் தெரியும். பட்டணத்திலேயே அதற்கு ஈடான இடம் கிடையாது. ஆனால் அங்கே இவளைக் கூட்டிப் போவதைவிடப் பரங்கிமலையிலிருந்து உருண்டு இறங்குவது மேல் என்று அவனுக்குப் பட்டது.

படியில் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்த மரிய புஷ்பத்தைப் பார்த்தான்.

“ஜட்கா வண்டி கொண்டாரேன்” என்றான்.

சாந்தோமில் கடலைப் பார்த்த ஒரு பழைய மாடி வீடு. கீழே வீட்டுக்காரி செங்கமலம் புட்டு வியாபாரத்துக்கு மாவு இடித்துக்கொண்டிருந்தாள். மொட்டை மாடியில் அவன் குடியிருக்கும், தகரம் போட்ட ஒரு கொட்டகை. உள்ளே ஒரு பாய், ஒரு மண்பானை, சுவரில் மாதா படம். ஆணியில் ஒரு காக்கிச் சட்டை தொங்கியது. அதில் குறுக்கே பட்டையும் பித்தளை வில்லையும். வில்லையில் ‘சர்வே கலாசி’ என்று தெளிவாக வெட்டியிருந்தது. ஜட்காவை விட்டு இறங்கியதும் முன்னால் ஓடி அதை ஒளித்து வைக்க அவனுக்கு நேரம் இருந்தது. அவன் ஓடவில்லை.

அமலி படித்தாள். அவனைப் பார்த்தாள்.

கைப்பிடிச் சுவரோரம் மரிய புஷ்பத்தை நிறுத்தினார்கள். சூரியன் முதுகுக்குப் பின்னால் போய்விட்டிருந்தது. கூசுகிற வெளிச்சமெல்லாம் வடிந்து, வானம் மெல்ல ஊதாவாயிற்று. மரிய புஷ்பம் புருவத்தின் மேல் கையை வைத்தாள்... எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

“பாப்பா... அங்க ஒரு கோடு ஓடுது. அதுக்கு மேல வானம். கீழ கறுப்பா... அசையுது.”

அமலி அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

“ரெண்டு கட்டுமரம் ஏத்திப் போட்டிருக்கு. ஒரு நாயி ஓடுது. இந்தப் பக்கம் வெளக்கு வைக்கிறாங்க, தெரு வரிசையா... அதோ, அங்க தூரத்துல ஒண்ணு மினுக்கி மினுக்கி அணையுதே, அது என்ன தம்பி?”

“அதுதாங்க லைட் ஹவுசு” என்றான் சின்னப்பராஜ்.

“எம்மாம் தண்ணி...” மரிய புஷ்பம் வெகுநேரம் பார்த்தாள். “அந்த மனுசன் சொன்னது பொய்யில்ல. ஆனா ஒரு போகம் நெல்லுக்கு ஒதவாதாமே, அதான் வருத்தமா இருக்கு.”

சிரித்துக்கொண்டே அழுதாள். அப்புறம் சுவரில் சாய்ந்துகொண்டு, “என்னை வுட்டுடுங்க. நான் பாத்துட்டிருக்கேன்” என்றாள்.

கொட்டகை வாசலில் இரண்டு பேர் நின்றார்கள்.

“ஆபீசருன்னு நான் சொல்லலீங்க. அம்மா சொன்னப்ப இல்லேன்னும் சொல்லலை. தப்புதான்.”

“முதல்லேயே இங்க கூட்டிட்டு வந்திருக்கலாம். வரலை. எங்களுக்கு இந்தத் தகரம் தெரிஞ்சுடக் கூடாதுன்னு எங்கம்மாவை அத்தனை படி ஏத்திட்டீங்க.”

“மலையேறினப்ப இந்த இடம் நெனப்புலேயே இல்லீங்க. அது சத்தியம். நெனப்பு வந்தப்ப கொஞ்ச நேரம் தயங்கினேன்... அதுவும் சத்தியம்.” அவன் நிமிரவில்லை. “ஒரு நாள்ல இதைச் சொல்றது கிறுக்குத்தனம். ஆனா நாளைக்கு நீங்க யாரோ, நான் யாரோ. கொடியைப் பிடிச்சிட்டு எத்தனையோ உயரத்துல தனியா நின்னிருக்கேன். இன்னிக்கி நீங்க பக்கத்துல நின்னு பட்டணத்தைப் பாத்தீங்களே... எனக்கு அது போதும்னு சொல்லணும்னு பாக்குறேன். போதலை டீச்சர்.”

அமலிக்குச் சொல்ல எத்தனையோ இருந்தது. ‘என் அப்பா இருந்தால்... வரதராசன்பேட்டையில் என்ன பேசுவார்கள்... ஏன் முதலிலேயே சொல்லவில்லை நீ...’ எல்லாம் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன.

“நாங்க தங்கியிருக்கிற கன்னியர் மடத்துல ஏழரைக்குக் கதவைச் சாத்திடுவாங்க” என்றாள் கடைசியில். “நேரமாச்சு.”

ராத்திரி முழுவதும் அம்மா நிம்மதியாகத் தூங்கினாள். அமலிதான் தூங்கவில்லை.

காலை ஏழு மணி. கண்ணாஸ்பத்திரி வராந்தாவில் கும்பல். வயதான குமாஸ்தா ஒருவர் நோட்டைப் பிரித்து, மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“கட்டுப் போட்டா ஏழு நாள் தலையை அசைக்கக் கூடாது. கத்தி வைக்கச் சம்மதம்னு ஆம்பளை ஒருத்தர் கையெழுத்துப் போடணும். யாரும்மா வந்திருக்கா?”

“நான் மட்டுந்தாங்க.”

“அண்ணன், தம்பி, சித்தப்பன்...?”

“யாரும் இல்லீங்க.”

“நான் போடுறேன்” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

சின்னப்பராஜ் மூச்சிரைக்க நின்றான். காக்கிச் சட்டை. குறுக்கே பட்டை. நெஞ்சில் பித்தளை வில்லை, தேய்த்து மின்ன வைத்திருந்தான். வேண்டுமென்றேதான் போட்டு வந்திருக்கிறான் என்று அமலிக்குப் புரிந்தது.

“பேரு?”

“சின்னப்பராஜ்.”

“தொழில்?”

“சர்வே ஆபீசுல கலாசி.” கும்பல் முழுவதும் கேட்கிற மாதிரி சொன்னான்.

குமாஸ்தா எழுதினார். “நோயாளிக்கு என்ன உறவு?”

சின்னப்பராஜ் வாயைத் திறந்தான். மூடினான். ஒரே ஊர்ப்பக்கம் என்று சொல்லலாம். தெரிந்தவர் என்று சொல்லலாம். நோட்டில் அதற்கெல்லாம் இடமில்லை. பேனா காத்துக்கொண்டிருந்தது.

“மருமகன்” என்றாள் அமலி.

அவன் திரும்பினான். அவள் அவனைப் பார்க்கவில்லை. நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். காது மடல்வரை சிவந்திருந்தது.

குமாஸ்தா அவளுடைய வெறுங்கழுத்தைப் பார்த்தார். “கல்யாணம் ஆயிடுச்சாம்மா?”

“இன்னும் ஆகலீங்க. கோயில்ல மூணு ஞாயிறு கல்யாண ஓலை வாசிக்கணும். எங்கம்மா கட்டு அவுத்ததும்... வாசிக்கச் சொல்லிடுவோம்.”

“வருங்கால மருமகனெல்லாம் செல்லாதும்மா. நோட்டுல அப்பிடி ஒரு உறவு கெடையாது” என்று இழுத்தார் அவர்.

மரிய புஷ்பம் கையை நீட்டித் துழாவினாள். காக்கித் துணி தட்டுப்பட்டது, அப்புறம் அந்த வில்லை. அதை விரலால் ஒரு முறை தடவிப் பார்த்துவிட்டு, அவன் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

“எழுதிக்குங்க ஐயா. கத்தி என் கண்ணுக்கு. நான் சொல்றேன், இவன் என் மருமவன்தான்.”

பேனா ஓடியது. கையெழுத்துப் போடக் குனிந்தவனின் காதருகே, அவனுக்கு மட்டும் கேட்கும்படி அமலி சொன்னாள்.

“எனக்கும் போதலைங்க.”